வெளுக்காத கறுப்பு

வெயிலில் வருடக்கணக்காக நின்ற ஒரு காரின் கறுப்பு பம்பர் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் பட்ட இடம் அந்த நொடியே கறுத்துவிடும். ஷோரூமிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்த அதே கறுப்பு. ஈரம் காய்ந்ததும் மறுபடி சாம்பல்.

தண்ணீரில் சாயம் எதுவும் இல்லை. ஆகவே அந்தக் கறுப்பு எங்கும் போகவில்லை, பம்பரிலேயேதான் இருக்கிறது. அதை நம் கண்ணிலிருந்து மறைக்கும் ஏதோ ஒன்று மேற்பரப்பில் நடந்திருக்கிறது. அது என்ன என்று புரிந்துகொண்டால் போதும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டில்களில் எது பலன் தரும், எது இரண்டு மழைக்குத் தாங்காது, எது உள்ளதையும் கெடுக்கும் என்பதை விளம்பரத்தை நம்பாமல் நாமே சொல்லிவிடலாம்.

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவற்றின் பம்பர் குரோம் பூசிய எஃகு. அதற்குப் பகை துரு. ஐரோப்பாவில் 1972-ல் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது. நம் ஊர்ச் சாலைகளில் அதைப் பழக்கமாக்கியது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. இன்று பெரும்பாலான கார்களின் பம்பர், சக்கர வளைவைச் சுற்றிய கறுப்புப் பட்டை, வைப்பருக்கு அடியிலுள்ள தட்டு எல்லாமே பாலிப்ரொப்பிலின் என்ற பிளாஸ்டிக்கை அடிப்படையாகக் கொண்டவை. 1954-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஜூலியோ நட்டா இந்தப் பாலிமரை ஒழுங்கான அமைப்போடு உருவாக்கிக் காட்டினார். வழிகாட்டிய வினையூக்கி ஜெர்மானியரான கார்ல் ஸீக்லருடையது. இருவருக்கும் சேர்த்து 1963-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

டிங்கரிங் ஷெட்டில் கழற்றிப் போட்ட பம்பர் ஒன்று கிடைத்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில், எதிரெதிரான இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே, சில எழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். 'பிபி + இபிடிஎம் - டிடி20' என்பது போல. பிபி என்றால் பாலிப்ரொப்பிலின். அது மட்டும் இருந்தால் குளிரில் மோதும்போது நொறுங்கிவிடும் என்பதால் இபிடிஎம் என்ற ரப்பரைக் கலக்கிறார்கள். கலந்ததும் தொளதொளப்பாகிவிடுமே, அதற்கு விறைப்பு கொடுக்க எடையில் 20 சதவீதம் டால்க் பொடி, அதுதான் டிடி20. முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே வெள்ளைக் கனிமம் உங்கள் கறுப்பு பம்பருக்குள் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பியது திருப்பியபடியே அந்த உட்புறத்தின் நிறத்தையும் பார்த்துவிடுங்கள். வெயிலே படாத அந்தப் பக்கம் இன்னும் கன்னங்கரேலென்று இருக்கும்.

கறுப்பைத் தருவது கார்பன் பிளாக். எண்ணெயை அரைகுறையாக எரித்துக் கிடைக்கும் நுண்ணிய கரி. டயரைக் கறுப்பாக்குவதும் இதுதான். சிவப்பு, நீலச் சாயங்கள் வெயிலில் வெளுப்பதுண்டு, அவற்றின் மூலக்கூறுகளைச் சூரிய ஒளி உடைத்துவிடும் என்பதால். கார்பன் பிளாக் அப்படிப்பட்ட சாயம் அல்ல. வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. மாறாக, புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுகிறது. வெயிலில் கிடக்கும் தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பி உறைகளையும் கறுப்பில் செய்வதற்கு முக்கியமான காரணம் இதுவே. ஆனால் ஒரு கரித்துகள் தனக்குக் கீழே இருப்பதைத்தான் காக்க முடியும். தனக்கு மேலே, கதிர் முதலில் வந்து விழும் அந்த மெல்லிய தோலை அதனால் காக்க முடியாது. நம் கதை முழுவதும் அந்தத் தோலில்தான் நடக்கிறது.

ஓசோன் படலத்தைத் தாண்டித் தரைக்கு வந்து சேரும் ஒளியில் மிகக் கூர்மையானது ஏறக்குறைய 290 முதல் 320 நானோமீட்டர் வரையிலான பகுதி. 300 நானோமீட்டர் ஒளியின் ஆற்றலைக் கணக்கிட்டால் ஒரு மோலுக்கு 399 கிலோஜூல் வரும். கார்பனும் கார்பனும் கைகோத்திருக்கும் பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 350 கிலோஜூல் போதும். அதாவது, பாலிமர்ச் சங்கிலியை அறுக்கும் வல்லமை வெயிலிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஏன் ஒரே கோடையில் பம்பர் பொடியாகிவிடுவதில்லை? வல்லமை இருந்தால் மட்டும் போதாது, ஒளியை உறிஞ்சிக்கொள்ள ஆள் வேண்டும். சுத்தமான பாலிப்ரொப்பிலின் இந்த ஒளியை உறிஞ்சுவதே இல்லை. உறிஞ்சுவது அதிலுள்ள மாசு: வினையூக்கியின் மிச்சம், அச்சில் உருக்கி ஊற்றும்போது சூட்டில் ஆக்சிஜன் தொட்டுவிட்டுப் போன இடங்கள். ஒளி அங்கே விழுகிறது, ஒரு பிணைப்பு அறுகிறது, இணையை இழந்த எலக்ட்ரானோடு ஒரு துண்டு மிஞ்சுகிறது. வேதியியலில் இதைத் தனி உறுப்பு என்பார்கள். அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த சங்கிலி இப்போது புதிய தனி உறுப்பு. பிடுங்கியதோ பெராக்சைடு ஆகிறது. அது ஒளி பட்டு இரண்டாக உடைந்து இன்னும் இரண்டு தனி உறுப்புகளைத் தருகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் வினை இது.

இதைத் தடுக்கவே தொழிற்சாலையில் ஹிண்டர்டு அமீன் என்ற வகை வேதிப்பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். 1970-களில் புழக்கத்துக்கு வந்த இந்த நிலைப்படுத்திகள் பாலிமர் வேதியியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பேன். தனி உறுப்பைப் பிடித்து முடக்கிவிட்டுத் தானும் அழிந்துபோகாமல், மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பி அடுத்ததைப் பிடிக்கப் போகின்றன. ஒரே மூலக்கூறு பல முறை காவல் காக்கிறது. ஆனால் காலமெல்லாம் அல்ல. சூட்டிலும் மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குறைகின்றன. நான்கைந்து வருடம் மாறாமல் இருந்த பம்பர் பிறகு ஒரே கோடையில் கிழடு தட்டிப்போவது இதனால்தான். வெளியே எந்த அடையாளமும் தெரியாத அந்த நல்ல வருடங்களில் உள்ளே காவல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

காவல் ஓய்ந்ததும் மேல்தோலின் நீண்ட சங்கிலிகள் துண்டாகின்றன. இங்கே ஒரு விசித்திரம். நீளமாக இருந்தபோது ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தவை, குட்டையானதும் சிக்கு விடுபட்டு நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன, படிகமாகின்றன. அடுக்கு நெருங்கினால் இடம் குறையும். மேல்தோல் சுருங்குகிறது, ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் அடிப்பகுதி சுருங்குவதில்லை. இழுவை தாங்காமல் தோல் வெடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் விரிசல்களாக. விரிசல்களின் ஓரத்தில் டால்க் துகள்களும் வெளியே தலைகாட்டுகின்றன. கை வைத்துத் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுவது அதுதான்.

இனி ஒளியியல். ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்கு ஒளி நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஒளி திருப்பி அனுப்பப்படும். காற்றுக்கு 1, பாலிப்ரொப்பிலினுக்கு ஏறக்குறைய 1.49. நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் திரும்பும். வழவழப்பான புதுப் பரப்பில் அந்த 4 சதவீதமும் கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே திசையில் போய்விடும். மீதி உள்ளே சென்று கரியில் அடங்கிவிடும். அதனால் கறுப்பு. வெடித்த தோலில் ஒளி ஒரு விரிசலைத் தாண்டி அடுத்த விரிசலில் மோதி, ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, எல்லாத் திசையிலும் சிதறுகிறது. கரியை எட்டும் முன்பே வெளியேறும் இந்தச் சிதறிய வெள்ளொளிதான் நாம் பார்க்கும் சாம்பல் நிறம்.

விரிசலுக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் போனால்? தண்ணீருக்கு 1.33. ஒவ்வொரு சுவரிலும் திரும்பும் ஒளி 4 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாக விழுகிறது. சிலிக்கோன் எண்ணெய் என்றால் 1.40, திரும்புவது 0.1 சதவீதம். ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில் என்றால் 1.48, விரிசல் இருப்பதே ஒளிக்குத் தெரியாது. கோயிலில் எண்ணெய்க்காப்பு சாத்தியதும் சாம்பல் நிறக் கருங்கல் மூலவர் கறுத்து மின்னுவதும் இதே விதியால்தான். அங்கே கல்லின் நுண்குழிகள், இங்கே பிளாஸ்டிக்கின் விரிசல்கள்.

கடையில் கிடைக்கும் பம்பர் பாலிஷ், டிரிம் டிரெஸ்ஸிங் ஆகியவற்றில் பெரும்பாலானவை செய்வது இவ்வளவே: விரிசலைத் திரவத்தால் நிரப்புவது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிலிக்கோன் எண்ணெய் அந்த வேலைக்கு உண்மையிலேயே பொருத்தமானது. பாலிப்ரொப்பிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பரவாது. சிலிக்கோனின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் விரிசலுக்குள் தானாகவே ஊர்ந்து நுழையும். எளிதில் ஆவியாகாது, வெயிலுக்கும் அசையாது. குறை ஒன்றுதான். அது எதையும் பற்றிக்கொள்வதில்லை. நாலு மழை, இரண்டு வாட்டர் வாஷ், அவ்வளவுதான், மறுபடி சாம்பல். பின்னால் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருப்பவர்கள் சிலிக்கோன் பக்கமே போகாமலிருப்பது நல்லது. துடைத்தும் மிஞ்சிய ஒரு துளி போதும், புதுப் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகிச் சின்னச் சின்னக் குழிகளாக நிற்கும்.

தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். கறுப்பு வரும், ஒளிவிலகல் எண் ஒத்துழைக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் உலராத எண்ணெய். பிசுபிசுப்பாகவே இருந்து சாலைப் புழுதியை முழுவதும் வாங்கிக்கொள்ளும். லின்சீட் ஆயில் அப்படியல்ல, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து விரிசலுக்குள்ளேயே கெட்டியாகும். எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளை அளக்கும் அயோடின் எண் தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குப் பக்கம், ஆளிவிதைக்கு 170-க்கு மேல். உலர்வதும் உலராததும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. பழைய கார் பிரியர்கள் லின்சீட் ஆயிலை மெல்லத் தேய்த்து, உபரியைத் துடைத்து, ஓரிரு நாள் காய விடுவார்கள். சிலிக்கோனைவிட நாள் தாங்கும். இதைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். உலரும் வினை வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, யாரும் பற்றவைக்காமலே துணி தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெட்டவெளியில் விரித்துப் போட்டோ காய விடுங்கள்.

டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பம்பரில் கலந்திருக்கும் இபிடிஎம் ரப்பரும், கதவைச் சுற்றி ஓடும் பீடிங்கும் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும் இனம். ஒரு நாள் கறுப்புக்காக, மழைநீரை வெளியே நிறுத்தும் பீடிங்கைப் பலிகொடுப்பது நியாயமில்லை.

எதைப் போடுவதானாலும் முதலில் கழுவ வேண்டும். காரணம், தொடக்கத்தில் சொன்ன தண்ணீர்ச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மேலே பூத்திருப்பது விரிசலா, கார் பாடிக்குப் போட்ட வேக்ஸ் பட்டையின் சொரசொரப்பில் இறுகியதா, போர்வெல் தண்ணீரின் உப்பா என்பதை அது பிரித்துக் காட்டாது. மூன்றுமே நனைந்தால் மறையும். ஷாம்பூவும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவிக் காய வைத்துவிட்டு ஒரு மூலையில் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளை உருண்டு வந்தால் வேக்ஸ். நீர் கலந்த வினிகரில் போனால் உப்பு. நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். இரண்டுக்கும் அசையாதது விரிசல். சில கார்களில் இந்தக் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும்.

விரிசல்தான் என்று தெரிந்தபின் எனக்குப் பிடித்த வழி, இறுகிப் பிடிக்கும் பூச்சு. செராமிக் கோட்டிங் என்ற பெயரில் வரும் பலவற்றில் சிலிக்கான் சார்ந்த பிசின் இருக்கும். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, விரிசலுக்குள் புகுந்த நிலையிலேயே கெட்டிப்படும். எண்ணெய்போல் நிரப்பவும் செய்யும், எண்ணெய்போல் கழுவிக்கொண்டு போகாது. பம்பரில் பழைய பாலிஷ் இருந்தால் மட்டும் பிடிக்காது. அதனால் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்தபின் நிழலில் வைத்துப் போட வேண்டும். தேய்ப்பதை விடத் தயார்செய்வதற்கே நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தவர்களின் பம்பர்தான் அடுத்த கோடையையும் தாண்டுகிறது.

ஹீட் கன் வைத்துக் காட்டும் வித்தையை வீடியோக்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று மெல்ல நகர, அதன் முன்னே சாம்பல் பின்வாங்க, பின்னே பளபளக்கும் கறுப்பு அலைபோல் வருகிறது. பார்க்க மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கும். சூடு பட்டு உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வருகிறது என்பார்கள். அப்படி ஓர் எண்ணெய்க் கிணறு பிளாஸ்டிக்குக்குள் கிடையாது. பாலிப்ரொப்பிலின் 160 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு உருகும். மேல்தோல் ஒரு கணம் இளகி, விரிசல்களின் இரு கரையும் ஒட்டிக்கொள்கின்றன. விரிசல் இல்லை, சிதறல் இல்லை, கறுப்பு வந்துவிட்டது. ஆனால் அறுந்த சங்கிலிகள் அறுந்தவையே. உருகியதால் அவை நீளமாவதில்லை. தீர்ந்துபோன காவல் மூலக்கூறுகளும் திரும்பி வருவதில்லை. மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் இந்தச் சூடு தின்றுவிடலாம். எனவே அடுத்த விரிசல் முதல் விரிசலைவிடச் சீக்கிரம் வரும். இரண்டாவது, மூன்றாவது முறை சூடு காட்டும்போது பரப்பிலிருந்த மணல்போன்ற சொரசொரப்பு மழுங்கி, திட்டுத் திட்டாகப் பளபளப்பு விழும், விளிம்பு வளையும். அதைத் திருத்த வழியே இல்லை. வேறெதுவும் பிடிக்காத நிலையில், கை நிற்காமல், ஒரே ஒரு முறை. அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயின்ட் அடிப்பதானால் சுருக்கமாக ஒன்று: பாலிப்ரொப்பிலின் மேல் பெயின்ட் தானாகப் பிடிக்காது. தொழிற்சாலையில் தீச்சுடரால் பரப்பை மாற்றியோ, குளோரின் ஏற்றிய பாலிமர் அடங்கிய பிளாஸ்டிக் பிரைமர் அடித்தோதான் பிடிக்க வைக்கிறார்கள். எமரி ஷீட் தேய்த்துவிட்டு நேராக ஸ்ப்ரே அடித்த பம்பர், சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரியும்.

இதுவரை பார்த்தது காரின் வெளிப்புறம். காரின் உட்புறத்தில் இருப்பது வினைல். பல கார்களில் டேஷ்போர்டின் தோல், கதவின் உள்பட்டை, சீட் உறை எல்லாம் பிவிசி. இங்கே நோயே வேறு. பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். 1926-ல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன் அதனோடு எண்ணெய் போன்ற இளக்கிகளைச் சேர்த்து வளையும் வினைலாக்கினார். இந்த இளக்கி பாலிமரோடு வேதிப் பிணைப்பில் இல்லை, சங்கிலிகளின் இடையே சும்மா தங்கியிருக்கிறது. சூடேறினால் மெல்ல ஆவியாகிக் கிளம்பிவிடும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எவ்வளவு துடைத்தாலும் சில வாரங்களில் மறுபடி படியும் எண்ணெய் மூட்டத்தில் டேஷ்போர்டை விட்டு வெளியேறிய இளக்கியும் உண்டு. இளக்கி போகப்போக வினைல் விறைக்கும், சுருங்கும், கடைசியில் பிளக்கும். கூடவே பிவிசி சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடை இழக்கும். சங்கிலியில் அடுத்தடுத்து இரட்டைப் பிணைப்புகள் தோன்றி மஞ்சளாகும், பழுப்பாகும்.

முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. ஆகவே டேஷ்போர்டைக் கொல்வது முதன்மையாகச் சூடு. போன இளக்கியை டேஷ்போர்டு பாலிஷ் தேய்த்து உள்ளே ஏற்ற முடியாது. அது தருவது மினுக்கு மட்டுமே, அதுவும் ஆபத்தான மினுக்கு. பளபளக்கும் டேஷ்போர்டின் பிம்பம் பகல் வெயிலில் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். தேவைப்பட்டால் மினுக்காத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகையை மெல்லப் பூசுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் எதையும் தடவாதீர்கள். ஏர்பேக் மூடியின் மேல் ஹீட் கன்னும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். குறித்த இடத்தில், குறித்த விசையில் கிழியும்படி அளந்து செய்யப்பட்ட மூடி அது. பிளந்துபோன வினைலுக்கு வழி புதுத் தோல்தான்.

பிளக்காத டேஷ்போர்டுக்கு எந்த பாலிஷையும்விட அதிகம் உதவுவது நிழல். 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் கோடை நாட்களில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 48 டிகிரி. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்ற தோராய விதியை வைத்துப் பார்த்தால், நிழலில் நிற்கும் வினைல் நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் முதுமையடைகிறது. மரமோ கூரையோ கிடைக்காத இடத்தில் முன்கண்ணாடிக்குள் விரிக்கும் வெள்ளி நிற சன் ஷேடும், காரின் பின்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி நிறுத்துவதும் நேர்வெயிலை டேஷ்போர்டில் விழாமல் தடுக்கும்.